ரேடியேட்டரில் ஊற்றியது எது என்று பில்லில் இருக்கிறதா?

“நம்ம ஊர்ல பனியா பெய்யுது? கூலன்ட் எதுக்கு சார், தண்ணி ஊத்துங்க போதும்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். அம்பாசடர் காலத்தில் இந்தப் பேச்சு ஓரளவு செல்லுபடியானது. அந்த எஞ்சினின் பிளாக்கும் ஹெட்டும் கனத்த வார்ப்பிரும்பு. துருவோடு வருடக்கணக்கில் காலம் தள்ளும். இன்றைய கார்களில் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம், பல வண்டிகளில் பிளாக்கும் அலுமினியம்தான். போர் தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துத் துளைத்துவிடும். கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடங்களில் வெள்ளையாகப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

பனிப் பேச்சே பாதி உண்மைதான். வெயில் ஊருக்கும் கூலன்ட் வேண்டும். எத்திலீன் கிளைக்காலும் தூய நீரும் சரிபாதியாகக் கலந்த திரவம் 100 டிகிரியில் கொதிக்காது, 106 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் சுமார் 1 பார் அழுத்தமும் சேர்ந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டும். கத்திரி வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு, வண்டி நிறைய ஆட்களோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது இந்த இடைவெளிதான் எஞ்சினைக் காக்கிறது. ஒரே ஒரு முறை நன்றாகக் கொதித்தால் போதும்: ஹெட் வளையும், கேஸ்கட் போகும், ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி போலத் திரியும்.

அரிப்பைத் தடுக்க கூலன்ட்டில் சேர்த்திருக்கும் ரசாயனங்கள் ஓட ஓடத் தீர்ந்துபோகும். டேங்க்கில் அளவு குறையாமல், நிறம் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே சரக்கு தீர்ந்திருக்கலாம். பழைய சிலிகேட் வகைக்கு ஆயுள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ஆர்கானிக் அமில வகைகள் ஐந்து ஆண்டுவரை தாங்கும். உங்கள் வண்டிக்கு எது, எப்போது மாற்ற வேண்டும் என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. பலர் பிரிக்காமலே கையுறைப் பெட்டியில் வைத்திருக்கும் புத்தகம் அது.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிகள் தங்கள் விருப்பத்துக்குச் சேர்க்கும் சாயம். நிறத்துக்குத் தரக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஒரே சிவப்பில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு ரகங்கள் இருக்கலாம், கலந்தால் ஆயுள் குறையும், சில சமயம் கூழ் போலத் திரளும். கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியத் தரம் ஐ.எஸ். 5759, ஜப்பானியத் தரம் ஜே.ஐ.எஸ். கே 2234, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். டி 3306 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். மேனுவல் சொல்வதோடு அது பொருந்த வேண்டும். எந்தத் தர எண்ணும் இல்லாத கேனை, விலை எவ்வளவு மலிவானாலும், நான் வாங்கமாட்டேன். ரெடி மிக்ஸா கான்சன்ட்ரேட்டா என்பதையும் பாருங்கள். ரெடி மிக்ஸில் மறுபடி தண்ணீர் சேர்த்தால் பாதுகாப்பு பாதியாகும். கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றினாலும் தப்புதான், தனி கிளைக்காலுக்குத் தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தும் திறன் இல்லை. கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான். நடுவழியில் ஆபத்துக்கு வேறு வழியில்லாமல் குடிநீர் ஊற்றலாம். ஊர் வந்ததும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

எஞ்சின் ஆறியபின் ரிசர்வ் டேங்க்கில் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே அளவு நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது, ஊற்றிக்கொண்டே போவது தீர்வல்ல. முள் சிவப்புக்குப் போனால் ஏசியை நிறுத்தி, வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தவர்களின் முகமும் கையும் வெந்திருக்கின்றன.

இனி பணத்தகராறு. எஞ்சின் சீஸ் ஆனால் சர்வீஸ் சென்டர், “வெளியில தப்பான கூலன்ட் ஊத்திருக்கீங்க, வாரன்டி கிடையாது” என்று கைவிரிக்கும். சாதாரண மோட்டார் காப்பீடு மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் தராது. அப்போது உங்கள் கையில் இருக்கவேண்டியது காகிதம்தான். ஜாப் கார்டில் வெறுமனே ‘கூலன்ட் டாப் அப்’ என்று எழுத விடாதீர்கள். எந்த பிராண்டு, எந்த ரகம், எத்தனை லிட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள்.

பழுது நேர்ந்தால், எஞ்சினைப் பிரிக்கும் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள். பிரிக்கும்போது உடனிருந்து படம் எடுங்கள், கழற்றிய பாகங்களைக் கேளுங்கள், வடித்த கூலன்ட்டில் கொஞ்சம் சாட்சிகள் முன்னிலையில் மூடி முத்திரையிட்டு வையுங்கள். பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்றால், நுகர்வோர் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு.

வீட்டில் மிச்சமிருக்கும் கூலன்ட்டை ஒருபோதும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. குழந்தை குடித்துவிட்டால் முதலில் போதை ஏறியது போலத் தள்ளாடும். சிறுநீரகம் கெடுவது பிறகுதான் தெரியும். வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறிக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். முறிவு மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால்தான் பலன். தெருவில் வடித்துவிட்டால் நாயும் பூனையும் நக்கும், ஆகவே பழைய கூலன்ட்டை மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படையுங்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் குடித்த கூலன்ட்டின் கேனையும் எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதை மருத்துவர் லேபிளிலிருந்தே தெரிந்துகொள்வார்.