ஒரே ஊர், இரண்டு கொட்டச்சேடு

டீயை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். பழம் பறிப்பு நடக்கிறது. ஒவ்வொரு வரியும் ஊர்ப்பெயரில் தொடங்கும் ஆட்கள் பட்டியல் இரண்டு இருக்கிறது. ஒன்று பழைய கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தது, மற்றொன்று மேஸ்திரி போனில் தட்டி அனுப்பியது. யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது?

இதற்குத்தான் ‘டிஃப்’ என்ற கட்டளை. பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1970-களில் எழுதியது. அதன் உள்வேலையை ஜேம்ஸ் ஹன்ட்டும் அவரும் 1976-இல் விளக்கினார்கள். இரு கோப்பிலும் ஒரே வரிசையில் வரும் வரிகளை முடிந்தவரை நீளமாகப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் காட்டும். ஆகவே இரண்டையும் முதலில் ‘சார்ட்’ போட்டு வரிசைப்படுத்திவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் பாமினியை யூனிகோடாக்க வேண்டும். பாமினியில் அடித்த ‘தமிழ்’ கம்ப்யூட்டருக்கு வெறும் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. லினக்ஸின் ‘ஐகான்வ்’ கட்டளை ‘டிஸ்கி’ என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தைக்கூட மாற்றித் தரும், பாமினியை ஆங்கிலம் என்றே நம்பும். அதற்குத் தனி மாற்றிதான் வேண்டும்.

மாற்றியாயிற்று. டிஃப் போட்டால், கொட்டச்சேடு என்ற ஊரின் ஆட்கள் அத்தனை பேரும் வேறு வேறு என்கிறது! திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ‘சிஎம்பி’ கட்டளையைக் கேட்டால் குட்டு வெளிப்படும். ‘கொட்டச்சேடு’ என்று தொடங்கும் இரு கோப்புகளும் ஆறாவது பைட்டிலேயே பிரிகின்றன. போனில் ‘கொ’ என்பது ககரமும் ஒரே ஒரு குறியும். பாமினியில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி விசைகள். அசட்டையான மாற்றி அவற்றை ஒட்டாமல் அப்படியே விட்டுவிடும். போன் எழுதிய ஊர்ப்பெயர் 33 பைட், மாற்றி எழுதியது 36. தோட்டம், கோயில், எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. டிஃப் அந்த விதியைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கும். பார்க்காமல் இருப்பதே சரி என்பேன். ஒப்பிடும் கருவி தானாக எதையும் மன்னிக்கக் கூடாது. ஒட்டும் வேலைக்கு ‘யூகான்வ்’ இருக்கிறது. ‘என்எஃப்சி’ வடிவம் கேட்டு இரு பட்டியலையும் அதன் வழியே செலுத்திவிட்டு, மறுபடி சார்ட், மறுபடி டிஃப். இப்போது மிஞ்சுவது உண்மையான வித்தியாசம்.

கிட்டத்தட்ட. கௌரி என்ற பெயரைப் பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் போட்டுக் ‘கெளரி’ என்று அடிப்பார்கள். அது வேறு எழுத்து, யூகான்வ் தொடாது. ‘செட்’ கட்டளையால் ‘கெள’ வரும் இடமெல்லாம் ‘கௌ’ என்று ஒரே வீச்சில் மாற்றலாம். ஆனால் அந்தக் கோப்பில் மெஸ் கணக்கும் இருந்தால், முதலில் அடிபடுவது கெளுத்தி மீன்.