அவரை விதைப் புரதமும் கொரோனா வைரசும்

2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், பேலியகொடை மீன்சந்தையில் கொரோனாத் தொற்றுப் பரவியதையடுத்து, கொட்டாஞ்சேனை முதலிய கொழும்பு வடக்குப் பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அச்சம் மிகுந்த காலத்தில் கைமருந்துகளின்மீது மக்களின் நாட்டம் பெருகுவது இயல்பு. அவ்வாண்டு டிசம்பரில், தேனும் சாதிக்காயும் கலந்த பாணி ஒன்றைப் பெறுவதற்காகக் கேகாலையில் பெருங்கூட்டம் திரண்டது. நோய் பரவுவதற்கு அக்கூட்டமே இடமளிக்கத்தக்கதாயிருந்தது. அவரை விதையிலும் இவ்வைரசைத் தடுக்கும் புரதம் உண்டென்பது ஆராய்ச்சியிற் கண்ட செய்தி. அதன் உண்மையையும் எல்லையையும் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியம்.

புரதம் தொழிற்படும் விதம்

கொரோனா வைரசின் மேற்புறத்தில் முட்கள் போன்ற புடைப்புக்கள் உள. அவற்றின்மீது சர்க்கரைச் சங்கிலிகள் போர்வைபோற் படர்ந்திருக்கும். வைரசு இம்முட்களைக் கொண்டே மனித உடற்கலங்களைப் பற்றி உட்புகுகின்றது. தாவரங்கள் பலவற்றில், சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உண்டு. இவை லெக்டின் எனப்படும். நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுவதுபோல, இவற்றுட் சில அச்சங்கிலிகளில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வைரசு கலத்தினுட் புகவியலாது தடைப்படுகின்றது.

ஆராய்ச்சிகள் காட்டுவன

2007இல் வெளியான பெல்ஜிய ஆராய்ச்சியொன்றில், லீக்சிலுள்ள லெக்டின் சார்ஸ் நோயின் கொரோனா வைரசை நன்கு தடுத்தமை காணப்பட்டது. 2020இல் தாய்வானின் அக்கடமியா சினிக்கா ஆராய்ச்சியாளர், அவரை விதைப் புரதமொன்று இன்புளுவென்சா வைரசையும் புதிய கொரோனா வைரசையும் தடுப்பதாக அறிவித்தனர். இன்புளுவென்சாவுக்கு எதிராக எலிகளின் மூக்கினுள் அதனைச் செலுத்தியபோது, அவை பாதுகாப்புப் பெற்றன. ஆயின் அவ்வாராய்ச்சியிற் கொரோனா வைரசுக்கு எதிரான சோதனை, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களிலேயே நடைபெற்றது. இப்புரதங்களிலிருந்து மனிதருக்கென அங்கீகரிக்கப்பட்ட கொரோனா மருந்து இதுவரை உருவாகவில்லை.

உண்பதால் நோய் தீருமா?

தீராது. ஆராய்ச்சியிற் பயன்பட்டது விதையினின்று பிரித்துத் தூய்மையாக்கிய புரதமாகும். விதையை நன்றாக அவித்தால் லெக்டின் தன் பற்றுந்தன்மையை இழந்துவிடும். அவிக்காமல் உண்டாலோ, அது குடலின் உட்சுவரிற் பற்றி வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்கக்கூடும். முற்றிய அவரை விதையிற் சயனைட்டை வெளிவிடும் பொருள்களும் உள. 1888இல் ஆமணக்கு விதையிற் கண்டறியப்பட்ட ரிசின் என்னும் லெக்டின் கொடிய நஞ்சாகும். ஆகவே, விதைப் புரதங்கள் யாவும் நன்மை பயப்பன என எண்ணலாகாது.

கவனிக்க வேண்டியவை

1. முற்றிய விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிடவும்.
2. புதுநீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நன்கு கொதிக்கவைத்து, விதை மெதுமையான பின் அந்நீரையும் வடித்துவிடவும்.
3. பச்சை விதையை அரைத்தோ, சாறாக்கியோ, மாவாக்கியோ மருந்தெனக் குடித்தலாகாது. மூக்கிலிடுவதும் கூடாது.
4. காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டால், கைமருந்தில் நாளைப் போக்காது வைத்தியசாலைக்குச் செல்லவும்.
5. சந்தையில் அவரையை உணவென்றே கூறி விற்கவும். கொரோனா மருந்தென நம்பி ஒருவர் சிகிச்சையைத் தாமதித்தால், அவர் உயிருக்கே கேடு நேரலாம்.

அவரை வளர்ப்பதற்கு மருந்தென்ற பெயர் வேண்டியதில்லை. உலர்ந்த விதையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு புரதமாகும். அதன் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும் வடிவிற்கு மாற்றுகின்றது. அறுவடையின் பின் கொடியை மண்ணிற் புதைத்தால், அடுத்த பயிருக்கு அது பசளையாகும். வயல்வரம்பிலும் வேலியோரத்திலும் அவரையை நட்டு, நன்கு அவித்து உண்பது குடும்பத்துக்கும் நிலத்துக்கும் நலந்தரும்.