வகுப்பறையில் ஒரு சங்குப்பூக் கொடி

கெடா மாநிலத்துத் தமிழரிடையே 'தோட்டம்' என்றால் அது ரப்பர்த் தோட்டத்தையே குறிக்கும், பூந்தோட்டத்தை அன்று. ஆயினும், அத்தோட்டத்து லயங்களின் முற்றங்களிலும் கோயிலடியிலும் செம்பருத்தியும் அரளியும் மல்லிகையும் செழித்திருந்தன. பூக்களின் பெயர்களைப் பிள்ளைகள் பறிக்கும்போதே கற்றனர். இன்று பாக்கார் ஆராங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தாமான்களில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அவ்வாய்ப்பு இல்லை. முற்றம் சிமெண்டுத் தரையாயிற்று. பூச்சரம் கடையிலிருந்து வருகிறது. கண்ணிலிருந்து செடி விலகும்போது, நாவிலிருந்து சொல்லும் விலகுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே மீட்கும் இடமாக வகுப்பறை அமைய இயலும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விழைவது.

நம் நாட்டின் தேசிய மலர் செம்பருத்தி. 1960ஆம் ஆண்டு அத்தகுதியைப் பெற்றது. அதன் ஐந்து இதழ்களை ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளோடு ஒப்பிட்டுப் பிள்ளைகள் கற்கின்றனர். பூவின் உறுப்புகளைக் காட்டுவதற்கு அஃது ஏற்ற மலரே. ஆனால், பெரும்பாலும் அதனைத் தண்டை வெட்டி நட்டே வளர்க்கிறோம். விதையில் தொடங்கி மீண்டும் விதையில் முடியும் வாழ்க்கைச் சுற்றினைப் பிள்ளைகள் முழுமையாகக் காண்பதற்குச் சங்குப்பூவே மேலானது. மலாய் மக்கள் 'புங்கா தெலாங்' எனப் போற்றி, உணவுக்கு நீலநிறம் ஊட்டப் பயன்படுத்துவதும் இப்பூவே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் கருவிளை என்பது நீலச் சங்குப்பூ எனவும், செருவிளை என்பது வெண்ணிறச் சங்குப்பூ எனவும் கூறுவர். ஆகவே, இக்கொடி அறிவியலுக்கும் இலக்கியத்துக்கும் ஒருசேர உரியது.

நடுமுறை எளிது. விதையின் தோல் கடினமானதாதலின், ஓரிரவு நீரில் ஊறவைத்தல் நன்று. நீர் வடிவதற்குத் துளையிட்ட தொட்டியில், விரற்கணு ஆழத்தில் விதையை ஊன்றி, வெயில் படும் சன்னலோரம் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரங்களில் முளை தோன்றும். கொடி படர்வதற்கு ஒரு கோலையோ கயிற்றையோ அமைத்துக் கொடுத்தால், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கும். விதையை வாயிலிடலாகாது எனச் சிறு பிள்ளைகளுக்கு முன்னரே அறிவுறுத்துதல் வேண்டும்.

ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் ஒரு வரியேனும் குறித்துவருதல் இப்பாடத்தின் உயிர்நாடி. அக்குறிப்பிற்கு வேண்டிய சொற்கள் தமிழில் ஆயத்தமாகவே உள்ளன. தேவநேயப் பாவாணர் 'தமிழ்ச் சொல்வளம்' என்னும் கட்டுரையில் பூவின் நிலைகளுக்குரிய சொற்களைத் தொகுத்துக் காட்டுகிறார். அரும்பு என்பது முதலில் தோன்றும் நிலை. போது என்பது இதழ் விரியத் தொடங்கும் நிலை. மலர் என்பது முழுதும் விரிந்த நிலை. வீ என்பது உதிர்ந்து வீழ்ந்த பூ. செம்மல் என்பது வாடிய பூ. இவற்றைத் தேர்வுக்கு மனனம் செய்யும் மாணவர் சில வாரங்களில் மறப்பர். கொடியின் முன் நின்று 'இன்று போது, நாளை மலர்' என எழுதிய மாணவர் மறவார்.

வீ, செம்மல் என்னும் வேறுபாடு வெறும் சொல்லழகு அன்று. பவழமல்லி இரவில் விரிந்து, விடியற்காலையில் வாடாமலே உதிர்கிறது. அது செம்மலாகும் முன்பே வீ ஆகிவிடுகிறது. சங்குப்பூவோ கொடியிலேயே வாடிச் செம்மலாகிறது; அவ்விடத்திலேயே தட்டையான காய் நீள்கிறது. பள்ளி வளாகத்துப் பூக்களுள் எவை வாடி உதிர்வன, எவை வாடாமல் உதிர்வன எனப் பட்டியலிடச் செய்தால், பழந்தமிழர் எத்துணைக் கூர்மையாக நோக்கினர் என்பதை மாணவர் தாமே உணர்வர்.

பூவைப் பிரித்துக் காணும் நாளில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். வெளியே பச்சைநிறப் புல்லி. உள்ளே பெரிய இதழ் ஒன்றும், இருபுறமும் இரண்டும், நடுவே சிறியன இரண்டுமாக ஐந்து அல்லி இதழ்கள். அச்சிறு இதழ்கள் பொதிந்து காப்பன மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும். உறுப்பைக் கண்ட கணத்திலேயே அதன் பெயரைச் சொல்லுதல் வேண்டும். மூத்த மாணவர், இதழ்களை ஊறவைத்த நீல நீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் அது ஊதாவாக மாறுவதைக் காணலாம். அமிலத்தை அறிய அப்பூவே கருவியாகிறது.

கொடி முதிர்ந்தபின் வேரையும் காட்டலாம். அவரைக் குடும்பத்தைச் சார்ந்த இக்கொடியின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. தோட்டங்களில் இளம் ரப்பர்க் கன்றுகளினிடையே மூடுபயிராக அவரைக் குடும்பக் கொடிகளை வளர்த்தமைக்கும் இதுவே காரணம். இதனைக் கேட்டுச் செல்லும் பிள்ளை, தோட்டத்தில் உழைத்த பாட்டனாரிடம் அக்கொடியைப் பற்றி வினவும். அங்கே இன்னொரு பாடம் தொடங்கும். அதனை நடத்தவல்லவர் அப்பெரியவரே.

காய் முற்றிக் காய்ந்தவுடன் விதைகளைச் சேர்த்து, அடுத்த ஆண்டு வகுப்பிற்கு மாணவர் கையளிக்கட்டும். விதையுறையின் மேல் நட்ட நாளையும் பூத்த நாளையும் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு தொட்டியும் ஒரு கைப்பிடி விதையும் இருந்தால், எந்தத் தமிழ்ப்பள்ளியும் இப்பணியை இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.