38,000 ரூபாய் சோபாவும் 31 இன்ச் வாசலும்

கொடைக்கானல்ல வீடு எடுத்து, அங்கிருந்தே வேலை பார்க்க எவ்வளவு ஆகும்னு போட்ட வீடியோல, சோபா செலவு 38,000 ரூபாய்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். அது பொய்க் கணக்கு. உண்மைக் கணக்கு இதோ.

நாயுடுபுரம் பக்கம் ஒரு பழைய வீடு. ஓனர் அக்கா கீழ் போர்ஷன்ல இருக்காங்க, மேல நாங்க. சோபா வாங்கினது மதுரையில, 9 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ. கடையில உட்கார்ந்து பார்த்தேன், துணி கலர் பார்த்தேன், கார்டைத் தேய்ச்சேன். வீட்டு வாசலை மட்டும் அளக்கல.

வேன் வந்து நின்னப்போ சாயந்திரம் அஞ்சு மணி, மூடுபனி இறங்கிட்டு இருக்கு. ரெண்டு பேர் மாடிப்படியில தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னாங்க. சோபா ஆழம் 36 இன்ச், உயரம் 34. வாசல்ல கதவைத் திறந்து வச்சா கிடைக்கிற இடம் 31 இன்ச். நேரா நுழையல, சாய்ச்சும் நுழையல. "கதவைக் கழட்டிடலாம் சார்"னு சொன்னாங்க. நானும் தலையாட்டினேன்.

இங்கதான் முதல் தப்பு. கதவைக் கழட்டினா கிடைக்கிறது கதவோட கனம் மட்டும்தான். சாதாரண கதவு 35 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை இன்ச்கூட முழுசா வராது. அதுவும் என் வீடு மாதிரி, கதவு பாதி திறந்து சுவர்ல முட்டி நின்னாதான் அந்த லாபம். சுவரோட சுவரா முழுசா மடங்கித் திறக்கிற கதவா இருந்தா, கழட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. 34 இன்ச் சாமானை 32 சொச்சத்துல நுழைக்க முடியுமா? முடியாது. ஆனா அந்த நேரத்துல யாரும் கழித்தல் கணக்கு போடல, தள்ளினோம்.

கழட்டினதும் ஒழுங்கா இல்ல. மலை ஈரத்துல கதவு உப்பி நிலையோட இறுகிக் கிடந்துச்சு. கீல் மேல வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சதுல ஸ்க்ரூ தலையே தெரியல. முறை என்னன்னா, கத்தி முனையால ஸ்க்ரூ வாய்ல இருக்கிற பெயின்ட்டைச் சுரண்டணும், கதவுக்கு அடியில ஆப்பு வைக்கணும், ஒருத்தர் கதவைப் பிடிச்சுக்கணும், கீழ்க் கீலை முதல்லயும் மேல் கீலைக் கடைசியிலயும் கழட்டணும். அவங்க மேல் கீல்ல ஆரம்பிச்சாங்க. கதவு பாரம் மொத்தமும் கீழ்க் கீல்ல இறங்கி, நிலையில இருந்து ஒரு சில்லு மரம் பெயர்ந்து வந்துச்சு. சத்தம் கேட்டு அக்கா மேல வந்தாங்க. "தம்பி, இது எங்க அப்பா காலத்து நிலை"ன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

ராத்திரி முழுக்க சோபா மாடிப்படியில, கதவில்லாத வீட்டுக்குள்ள நாங்க. கொடைக்கானல் குளிர்ல கதவு இல்லாம ஒரு ராத்திரி எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

காலையில ஆசாரி அண்ணன் வந்தார். கதவைப் பார்க்கவே இல்ல. சோபாவைக் குப்புறக் கவுத்து, ஸ்பேனர் போட்டு நாலு காலையும் கழட்டினார். ஒவ்வொண்ணும் 4 இன்ச். உயரம் 30 ஆயிடுச்சு. முதுகுப் பக்கம் தரையில படுற மாதிரி திருப்பி உள்ள தள்ளினார், போயிடுச்சு. அப்புறம்தான் சொன்னார்: "கதவு இருந்திருந்தாலே போயிருக்கும் தம்பி, கைப்பிடியை மட்டும் எடுத்திருந்தா போதும்."

இந்த மலைக்கு இது புதுசில்ல. 1845-ல அமெரிக்க மிஷனரிகள் இங்க முதல் பங்களாக்களைக் கட்டினப்போ வண்டிப் பாதையே கிடையாது. பெரியகுளம் பக்கத்துல கிருஷ்ணமநாயக்கன் தோப்புல இருந்து செண்பகனூர் வழியா, சாமான் எல்லாம் ஆள் தலையிலயும் தோள்லயும்தான் ஏறுச்சு. மோட்டார் போற லாஸ் காட் ரோடு 1910-களின் நடுவுலதான் வந்துச்சு. தலையில சுமக்கிறவருக்கு ஒவ்வொரு இன்ச்சும் தெரியும். எனக்கு வேன் இருந்துச்சு, அதனால தெரியல.

சரி, கணக்குக்கு வருவோம்.

நோ-காஸ்ட் இஎம்ஐல வட்டி இல்லைன்னு நினைக்காதீங்க. 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு பேங்க்குகளுக்குச் சொல்லிடுச்சு. கடை அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி தரும், பேங்க் வட்டியைப் போடும், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி நம்ம தலையில. எனக்கு 15% வட்டின்னு போட்டாங்க. மாசம் 4,222 ரூபாய். வட்டி சுமார் 2,270, அதுக்கு ஜிஎஸ்டி 409. பிராசஸிங் கட்டணம் 199, வரியோட 235. ஆக 644.

வேன் வாடகை 6,500. சாயந்திரம் காத்திருந்த ஆட்களுக்குக் கூடுதலா 1,500. ஆசாரி அண்ணனுக்கு 800, சோபாவை ஏத்தி கதவைத் திருப்பி மாட்டினதுக்கு. நிலையைச் சரிபண்ண அக்காவுக்கு டெபாசிட்ல இருந்து 3,000. மொத்தம் 12,444. சோபா விலை 50,444 ஆயிடுச்சு. இதுல 5,300 ரூபாய் சுத்தமா அந்த ஒரு வாசலுக்காக.

திருப்பிக் கொடுத்துடலாமேன்னு நானும் கேட்டேன். போக்குவரத்து என் செலவு, பிராசஸிங் கட்டணம் திரும்ப வராதுன்னாங்க. அதனால கடை பில் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு அளவு கேளுங்க: கால் கழட்டின பிறகு உயரம் என்ன, பிரிச்சு மாட்டக்கூடிய சாமானா. வீட்டுல வாசலை, கதவு திறந்த நிலையில கதவுப் பரப்புல இருந்து எதிர் நிலை வரைக்கும் அளங்க. கைப்பிடி நீட்டிட்டு இருந்தா அதைக் கழிச்சுக்கோங்க. மாடிப்படித் திருப்பத்தையும் விடாதீங்க.

வார்ட்ரோப் வாங்குறவங்களுக்கு இன்னொரு வம்பு இருக்கு. 7 அடி உயரம், 2 அடி ஆழம் உள்ளதைப் படுக்க வச்சு உள்ள கொண்டுவந்துட்டு நிமிர்த்தினா, மூலைக்கு மூலை 87 இன்ச்சுக்கு மேல ஆகும். கூரை 7 அடி 3 இன்ச்னா நிமிராது. பழைய மலை வீடுகள்ல பலகைக் கூரை தாழ்வா இருந்தா நிச்சயம் அளந்துக்கோங்க.

டெபாசிட் பத்தி ஒண்ணு. 2017-ம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் கேட்கக் கூடாது. நான் மூணு மாசம்தான் கொடுத்திருந்தேன். ஆனா கதவைத் தொடுறதுக்கு முன்னாடி கீலையும் நிலையையும் ஒரு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி, "கழட்டலாமா"ன்னு கேட்டு பதிலை வாங்கியிருக்கணும். அதை நான் செய்யல. பழைய விரிசல் எது, நாங்க பண்ணது எதுன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல. அக்கா கேட்ட 3,000-த்தை மறுபேச்சு இல்லாம கொடுத்தேன்.

அடுத்த ஜூன்ல வீடு மாத்துறோம், பள்ளங்கி பக்கம். புது வீட்டு வாசல் 33 இன்ச். கால் போல்ட் நாலும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு.