தசை தளரும் சிறுவரும் கூட்டுச் சிகிச்சையும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைக்கின்றார். நோயுற்றோன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிலிருந்து பணிபுரிவோன் என்பன அந்நான்காம். பணிபுரிவோனை வைத்தியனுக்கும் மருந்துக்கும் ஒப்ப வைத்து எண்ணியமை ஊன்றி நோக்கத்தக்கது. காய்ச்சல் போன்ற சிலநாட் பிணிகளில் இந்நான்காம் கூறு அத்துணை முக்கியமாகத் தோன்றாது. மருந்து தன் தொழிலைச் செய்ததும் நோய் அகன்றுவிடும். ஆனால், ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து சிறுவரின் தசை வலிமையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்து செல்லும் நோய்களிலோ, பணிபுரிவோர் யாவர், அவர் ஒருவரோடொருவர் இணங்கித் தொழிற்படுகின்றனரா என்னும் வினாக்களே பிள்ளையின் ஆயுளையும் வாழ்வின் தன்மையையும் பெரிதும் நிர்ணயிக்கின்றன. அத்தகைய நோயொன்றை எடுத்துக்கொண்டு, கூட்டுச் சிகிச்சை என்பது யாது, அஃது ஏன் வேண்டப்படுகின்றது, அதிலே பாடசாலைக்குள்ள பங்கு யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ச்சித் தாமதம் ஓர் அறிகுறியே

பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்துக்குள் தனித்து நடக்கத் தொடங்கிவிடுகின்றன. சில குழந்தைகள் நடத்தலிலும், சில பேசுதலிலும், சில இரண்டிலும் பின்தங்குகின்றன. இப்பின்தங்கலையே வளர்ச்சித் தாமதம் என்கிறோம். இது நோயின் பெயரன்று. உள்ளே மறைந்திருக்கும் பல்வேறு காரணங்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியே. மூளைக்கு ஏற்பட்ட ஊறு காரணமாகலாம். இலண்டன் வைத்தியரான வில்லியம் லிட்டில் 1861 இல் விரித்துரைத்த மூளைவாதம் இவ்வகையினது. முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்கள் அழிதல் காரணமாகலாம். வேர்ட்னிக், ஹொப்மன் என்போர் 1890 களில் விவரித்த முண்ணாண் தசைமெலிவு இவ்வகையினது. தசையே பழுதுபடுதலும் காரணமாகலாம். டுசென் தசைநலிவு நோய் இதற்குத் தலைசிறந்த உதாரணம்.

இம்மூன்று பிள்ளைகளும் நடக்க முடியாமல் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருப்பின், பார்ப்போருக்கு மூவரும் ஒரே நிலையினராகத் தோன்றுவர். சிகிச்சையோ வேறு வேறு. மூளைவாதமுற்ற பிள்ளைக்கு நன்மை பயக்கும் கடும் பயிற்சி, டுசென் நோயுற்ற பிள்ளையின் தசையை மேலும் சிதைக்கக்கூடும். ஆதலின் காரணத்தைத் துணிதலே சிகிச்சையின் முதற்படியாகும்.

நோயின் வரலாறும் இயல்பும்

இந்நோய் பிரெஞ்சு வைத்தியர் டுசென் அவர்களின் பெயரால் வழங்குகின்றது. அவர் 1861 இல் ஒரு சிறுவனின் நோய்நிலையை விவரித்து, 1868 இல் 13 சிறுவரை ஆராய்ந்து விரிவாக எழுதினார். எனினும், அவருக்கு முன்னரே எட்வேட் மெரியன் என்னும் ஆங்கில வைத்தியர் இதனைக் கண்டு, 1852 இல் வெளியிட்டிருந்தார். இந்நோய் குடும்பங்களில் ஆண்பிள்ளைகளைப் பற்றுதலையும், நரம்பு பழுதின்றியிருக்கத் தசைநாரின் உறை சிதைந்திருத்தலையும் அவர் குறித்துச் சென்றமை வியப்புக்குரியது. ஏனெனில், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்து, 1987 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்ட உண்மையும் அவ்வுறையைப் பற்றியதே. தசைநாரின் உட்சட்டகத்தை அதன் மென்சவ்வோடு பிணைத்துக் காக்கும் டிஸ்ற்ரோபின் என்னும் புரதம் இந்நோயாளரிடம் இல்லை என்பதே அவ்வுண்மை.

இதனை ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். காற்றிலே விரிந்து சுருங்கும் பாய்த்துணிக்கு ஓரத்திலே தைக்கப்பட்ட கயிறு எத்தகையதோ, தசைநாரின் உறைக்கு அப்புரதம் அத்தகையது. கயிறற்ற பாய் ஒவ்வொரு வீச்சுக்கும் சிறிது கிழியும். அவ்வாறே, டிஸ்ற்ரோபின் இல்லாத தசைநார் ஒவ்வோர் இயக்கத்திலும் சிறிது கிழிகின்றது. இளமையில் உடல் அக்கிழிசலைத் தைத்துவிடுகின்றது. காலம் செல்லச் செல்லத் தையல் கிழிசலுக்கு ஈடுகொடாது. தசையிருந்த இடத்திலே கொழுப்பும் நாரிழையமும் நிறைகின்றன. கெண்டைக்கால் பருத்துத் தோன்றுதல் இதனாலேயே. காண்போர் வலிமையெனக் கருதுவது உண்மையில் நலிவாகும்.

அப்புரதத்துக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றே உண்டாதலின், அது பழுதுற்றால் ஈடுசெய்ய வேறொன்றில்லை. ஏறத்தாழ 5,000 ஆண் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்படுகின்றது. பிள்ளைகளுள் மூன்றிலொரு பங்கினரளவில், இப்பழுது தாயிடமிருந்து வராது புதிதாகத் தோன்றியதாகும். தாயிடமிருந்து வந்தவிடத்தும், அவள் அறிந்து செய்தது யாதொன்றுமில்லை. பிள்ளையின் நோய்க்குத் தாயைப் பழிக்கும் சுற்றத்தார் இதனை நன்கு உணர்தல் வேண்டும். பழியை விடுத்து, அத்தாயின் இதயத்தைப் பரிசோதிப்பித்தலே அவளுக்குச் செய்யும் நன்மை. பழுதைத் தாங்கி நிற்கும் பெண்களுக்கும் இதயத் தளர்வு உண்டாதல் கூடும்.

காலந்தாழ்த்தலின் கேடு

இந்நோயுற்ற சிறுவன் பிந்தி நடப்பான்; அடிக்கடி விழுவான்; மாடிப்படி ஏற இடர்ப்படுவான்; ஓட்டத்திலே ஏனையோருக்குப் பின்னிற்பான். நிலத்திலிருந்து எழும்போது கைகளை முழங்காலிலும் பின் தொடையிலும் ஊன்றித் தன்னுடம்பின் மீது தானே ஏறுவான் போல எழுவான். இதனை 1879 இல் விரிவாக எழுதியவர் இலண்டன் வைத்தியர் கோவர்ஸ். இவ்வடையாளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இவ்வறிகுறிகள் வெளிப்படையாயிருந்தும், நோய் துணியப்படுவது பல நாடுகளிலும் 4, 5 வயதளவிலேதான். முதலறிகுறிக்கும் துணிபுக்கும் இடையிலே ஈராண்டு வரை கழிந்துவிடுகின்றது. பேச்சு முதலிய துறைகளில் தாமதம் முற்படத் தோன்றின், தசையை எவரும் எண்ணுவதில்லை. இரத்தத்திலே கிரியற்றின் கைனேஸ் என்னும் நொதியத்தை அளத்தல் எளிய சோதனை. இந்நோயில் அதனளவு இயல்பினும் பல பத்து மடங்கு உயர்ந்திருக்கும். இச்சோதனை செய்யப்படாது, கல்லீரற் சோதனை மாத்திரம் செய்யப்பட்டுச் சில நொதியங்கள் உயர்ந்திருத்தல் கண்டு, கல்லீரல் நோயெனப் பிள்ளையைத் துன்புறுத்தினோரும் உளர். அந்நொதியங்கள் தசையிலிருந்தும் வருவன என்பதை நினைவிற்கொண்டால் இவ்விடர் நேராது.

பலர் கை ஒன்றுகூடல்

துணிபு ஏற்பட்ட பின்னர், பிள்ளையைச் சுற்றி ஒரு குழு அமைதல் வேண்டும். நரம்புத்தசை வைத்தியர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், இதய வைத்தியர், சுவாச வைத்தியர், என்பு வைத்தியர், உணவியலாளர், உளநலத் துணைவர் என அதன் உறுப்பினர் பலர். 2010 இலும், திருத்தப்பட்டு 2018 இலும் வெளியான சர்வதேச வழிகாட்டிகள் இவர் யாவரையும் வகுத்துக் கூறியதோடு, இவர்களை இணைத்து நிற்க ஒருவர் வேண்டுமென்பதையும் வற்புறுத்தின. இணைப்பாளர் எதற்கு என வினவுவோருக்குச் சில உதாரணங்கள் தருவாம்.

பிறெட்னிசலோன் முதலிய ஸ்ரெரொயிட் மருந்துகள் நடக்குங் காலத்தை நீட்டிக்கும் என்பது 1989 இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வாலும் பின்வந்தவற்றாலும் நிறுவப்பட்டது. ஆனால், அம்மருந்து பசியைத் தூண்டி உடலைப் பருக்கச் செய்யும், என்பை மெலிவிக்கும், சில பிள்ளைகளைச் சினமுடையோராக்கும். பருத்த உடலைத் தளர்ந்த தசை தாங்காது. எனவே, நரம்புத்தசை வைத்தியர் மருந்தெழுதும் அன்றே உணவியலாளரும், என்பைக் கண்காணிப்போரும், வகுப்பாசிரியரும் அதனை அறிதல் வேண்டும். மருந்தைத் திடீரென நிறுத்தலோ உயிருக்கே ஊறாகும். ‘பிள்ளை பருக்கின்றான்’ என அயலார் கூறக்கேட்டுத் தாய் மருந்தை நிறுத்துவாளாயின், அது அவளது பிழையன்று; அவளுக்கு விளக்காது விட்டோரின் பிழையாகும்.

இயன்மருத்துவர் கணுக்கால் முதலிய மூட்டுகள் இறுகாவண்ணம் நீட்டற் பயிற்சியைக் கற்பிப்பார். அது வாரத்தில் 4 முதல் 6 நாள் செய்யப்படல் வேண்டுமென்பது வழிகாட்டி. வைத்தியசாலைக்கு மாதமொருமுறை செல்லும் பிள்ளைக்கு இதனை நாடோறும் செய்பவர் பெற்றோரே. தொழில்வழிச் சிகிச்சையாளர் எழுதுமேசையின் உயரத்தையும், பேச்சுச் சிகிச்சையாளர் சொற்பயிற்சியையும், காலப்போக்கில் விழுங்கலையும் நோக்குவர். ஒவ்வொருவரும் தத்தம் பயிற்சிக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் கேட்பாராயின், பாடசாலையிலிருந்து களைத்து வரும் பிள்ளைக்கு விளையாட நேரமேது? குழுவாயிருந்து தீர்மானித்தால், நீட்டற் பயிற்சியின் போதே கதை சொல்லவும் சொல்லக் கேட்கவும் வைத்து, இரு சிகிச்சையை ஒரு வேளையில் முடிக்கலாம். களைப்புக்கு அளவிட்டு, எப்பயிற்சி இன்று வேண்டும், எது பின்னர் வேண்டும் என முறைப்படுத்தலும் கூடும். பாரந்தூக்கல் போன்ற கடும் பயிற்சி இந்நோயில் ஆகாதென்பதைக் குழுவினர் யாவரும் ஒரே குரலிற் கூறுதலும் இன்றியமையாதது.

இதயமும் தசையே. சிறுவனின் நடையிலே எல்லாரும் கண்ணாயிருக்க, இதயம் ஓசையின்றித் தளரும். ஆதலின் ஆண்டுதோறும் இதயப் பரிசோதனை வேண்டும்; அறிகுறி தோன்றாவிடினும் 10 வயதளவில் இதயங் காக்கும் மருந்தைத் தொடங்குக என்பது 2018 ஆம் ஆண்டு வழிகாட்டியின் கூற்று. சத்திரசிகிச்சை வேண்டப்படின், சில மயக்க மருந்துகள் இந்நோயாளருக்கு உயிராபத்தை விளைக்கும் என்பதைச் சத்திரசிகிச்சை அறையிலுள்ளோர் முன்னறிந்திருத்தல் வேண்டும். இச்செய்தி எழுதிய சிறு அட்டையொன்று பிள்ளையின் பையிலே எப்போதும் இருத்தல் நன்று.

கூட்டுப் பணியின் பயன்

இம்முயற்சியாற் கண்ட பயன் யாது? இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே சிகிச்சை பெற்றோரின் வரலாற்றை ஆராய்ந்து 2002 இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. 1960 களில் இந்நோயாளர் இறந்த சராசரி வயது 14.4. 1990 க்குப் பின் இரவில் வீட்டிலே சுவாசத் துணைக்கருவி பெற்றோருக்கோ அது 25.3 ஆயிற்று. நோயின் வேரைக் களையும் மருந்து ஒன்றேனும் அக்காலத்தில் இல்லை. இரவிலே சுவாசம் குறைதலை உரிய காலத்தில் அறிந்து கருவி கொடுத்ததும், அதனைக் குடும்பத்தார் வீட்டிலே இயக்கக் கற்றதுமே பத்தாண்டுக்கு மேற்பட்ட வாழ்வை ஈட்டிக் கொடுத்தன. இன்று முப்பது வயதைக் கடந்து வாழ்வோரும் பலர் உளர்.

புதிய மருந்துகளும் தோன்றியுள்ளன. முண்ணாண் தசைமெலிவுக்கு 2016 இல் ஒரு மருந்தும், 2019 இல் பரம்பரையலகுச் சிகிச்சையும் அமெரிக்காவிலே அனுமதிக்கப்பட்டன. அறிகுறி தோன்றுமுன் பெற்ற குழந்தைகள் அவற்றாற் பெரும்பயன் எய்துகின்றனர். டுசென் நோய்க்கு 2023 இல் அனுமதிக்கப்பட்ட பரம்பரையலகுச் சிகிச்சையோ அத்தகைய வெற்றியைத் தரவில்லை. 2025 இல் அதனைப் பெற்ற, நடையிழந்த இளைஞர் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். இவற்றின் விலையும் மிகப் பெரிது. ஆகவே, வருமென எதிர்பார்க்கப்படும் மருந்துக்காக, இன்று கைக்கெட்டும் பணிகளைக் கைவிடலாகாது.

பாடசாலையின் பங்கு

இத்துணை வைத்தியரையும் பிள்ளை ஆண்டிலே சில மணி நேரமே காண்கின்றான். ஆசிரியர் அவனைக் கிட்டத்தட்ட இருநூறு நாள் காண்கின்றார். விழுந்தெழும் சிறுவனைச் சோம்பேறி எனக் கடிந்து, மைதானத்தைச் சுற்றி ஓடச் செய்யும் ஆசிரியர் அறியாமையாற் பெருங்கேடு செய்கின்றார். அவன் எழும் விதத்தை உற்றுநோக்கிப் பெற்றோருக்கு உரைக்கும் ஆசிரியரோ, ஈராண்டுக் காலந்தாழ்த்தலை ஒரே நாளில் நீக்கிவிடுகின்றார்.

நோய் துணியப்பட்ட பின்னர்ச் செய்யவேண்டுவன பெருஞ்செலவில்லாதவை. அவன் வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றலாம். புத்தகங்களில் ஒருபடி வகுப்பறையிலேயே வைக்கலாம். எழுத மிகுதி நேரம் கொடுக்கலாம். வாசலிலுள்ள படியருகே சாய்தளம் அமைக்கலாம். நிலத்திலமர்ந்து செய்யும் கருமங்களில் நாற்காலி கொடுக்கலாம். டிஸ்ற்ரோபின் மூளையிலும் தொழிற்படுவதால், இச்சிறுவருட் சிலருக்குக் கேட்டதை நினைவில் நிறுத்தலும், வாசிக்கக் கற்றலும் கடினமாகும். நீண்ட கட்டளையைக் கூறுபடுத்தி ஒவ்வொன்றாய்க் கூறினால் அவர் செய்வர். இக்குறை தசைத்தளர்வு போல ஆண்டுதோறும் மிகுவதன்று. ஆதலின், கற்பித்தற் பயிற்சி வீண்போகாது. விளையாட்டுப் போட்டி நாளிலே நேரங் குறிப்பவனாகவோ புள்ளி எழுதுபவனாகவோ அவனை அமர்த்தினால், தன் இல்லத்துக்குத் தானும் உழைத்தேன் என்னும் பெருமிதத்தோடு வீடு செல்வான்.

எல்லாவற்றிலும் மேலாக, கற்றல் நின்றுவிடலாகாது. 12 வயதளவில் நடையிழந்த சிறுவனைப் பாடசாலையிலிருந்து விலக்கி வீட்டிலிருத்துதல், ஆயுள் குறுகியிருந்த காலத்து மனப்பான்மையின் எச்சம். இன்று அவனுக்கு முன்னே பல்கலைக்கழகமும் தொழிலும் நட்பும் நிறைந்த ஆண்டுகள் உள. அவ்வாண்டுகளுக்கு அவனை ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு வைத்தியசாலையுடையதன்று, எம்முடையது. வள்ளுவர் வகுத்த நான்காம் கூற்றிலே, தாயோடும் தந்தையோடும் ஆசிரியனுக்கும் ஓரிடம் உண்டென்பதை உணர்ந்து, அதனை ஏற்று நிற்றல் எம் கடனாகும்.