பழைய காரில் கரண்ட் எங்கே தொலைகிறது?

கம்ப்யூட்டருக்காக டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கியிருப்பீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வருகிறதா, சிவப்பு வயரில் 5 வோல்ட் வருகிறதா என்று ஒரு முறை பார்த்த பின்னர் அது மேஜை டிராயரில் தூங்கிக் கொண்டிருக்கும். அதனை எடுத்துக் கொண்டு வாசலில் நிற்கும் பழைய காருக்குச் செல்லலாம். அங்கேயும் 12 வோல்ட் தான். காலையில் செல்ஃப் போட்டால் "டிக்" என்ற சத்தத்துடன் நின்றுவிடுவது, ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிவது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து எரிவது போன்ற கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இந்த மீட்டரைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இல்லையேல் என்ன நடக்கும் என்பது பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். முதலில் புது பேட்டரி, பின்னர் டைனமோ, அதன் பின்னர் செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் செலவு செய்து முடித்த பின்னர், துருப்பிடித்த ஒரு போல்ட் தான் காரணம் என்று தெரிய வரும்.

இன்றைய கார்களில் ஸ்டியரிங்கிற்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் சிறிய கருவி ஒன்றைச் செருகி, போனிலோ லேப்டாப்பிலோ கோளாறு எண்களைப் படிக்கலாம். அமெரிக்காவில் 1996 முதல் விற்பனையாகும் கார்களில் இது கட்டாயம். ஆனால் கார்புரேட்டர் உள்ள மாருதி 800, அம்பாசடர் போன்ற வண்டிகளில் அந்த சாக்கெட் கிடையாது. இதற்காக வருந்த வேண்டாம். டெயில் லைட்டின் எர்த் துருப்பிடித்திருக்கிறது என்று அந்தக் கருவியும் சொல்லப் போவதில்லை.

கம்ப்யூட்டருக்கும் காருக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. கம்ப்யூட்டரில் கறுப்பு வயர்கள் எல்லாம் எர்த். அவை கேபினட்டின் உலோகத்துடனும் இணைந்திருக்கும். காரிலும் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியுடனும் இன்ஜினுடனும் இணைக்கப்பட்டிருக்கும். பல்புக்கு ஒரு வயர் தான் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்திலிருந்து வரும். திரும்பிச் செல்லும் பாதை காரின் தகடு தான். (1960களுக்கு முந்தைய சில பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருந்தால், கீழே சொல்வதை எல்லாம் தலைகீழாக எடுத்துக் கொள்ளுங்கள்.)

தொடங்குமுன் சில எச்சரிக்கைகள். மோதிரம், உலோக வாட்ச் ஸ்ட்ராப் ஆகியவற்றைக் கழற்றி வைக்கவும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதனைக் கடைசியாக மாட்டவும். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்க இந்த வரிசை. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அருகில் சிகரெட், தீப்பொறி கூடாது.

முதலில் பேட்டரி

மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வையுங்கள். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில், பேட்டரி முனைகளில் நேரடியாக அளந்தால் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 11.9க்குக் கீழ் என்றால் பேட்டரி டவுன். பார்ப்பதற்கு இந்த எண்களுக்கிடையே வித்தியாசம் குறைவு போலத் தோன்றும். "12 வோல்ட் காட்டுகிறதே, பேட்டரி நன்றாகத் தானே இருக்கிறது" என்று பலர் ஏமாறுவது இதனால் தான்.

அடுத்து கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, வேறு ஒருவரை இரண்டு மூன்று விநாடிகள் செல்ஃப் போடச் சொல்லுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. அந்த நேரத்தில் மீட்டர் 9.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 7, 8 என்று விழுந்தால் பேட்டரி பலவீனம். மாறாக செல்ஃப் சுற்றாமலேயே மீட்டர் 12க்கு மேல் அசையாமல் நின்றால், பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் வெளியே போகவே இல்லை. வழியில் எங்கோ தடை இருக்கிறது.

வண்டி ஸ்டார்ட் ஆனவுடன் சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஹெட்லைட்டைப் போட்டு அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழ் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது ஆல்டர்னேட்டரில் (நம் ஊர் வழக்கில் டைனமோ) கோளாறு. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி தண்ணீர் அடிக்கடி வற்றுவதும், பல்புகள் மாதம் ஒன்றாகப் பியூஸ் போவதும் இதன் அடையாளங்கள்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கிளாம்பைக் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து கழுவி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

எர்த் தான் முக்கிய சந்தேக நபர்

பழைய வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் எர்த் மீது தான். வயரின் முனை ஒரு ஸ்க்ரூவால் தகட்டில் முடுக்கப்பட்டிருக்கும். பல வருட மழைக்குப் பின் அந்த இடத்தில் துரு ஏறும். வயர் அறுந்திருக்காது, ஃப்யூஸ் போயிருக்காது, பல்பும் நன்றாக இருக்கும். ஆனால் வெளிச்சம் வராது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 வாட் ஹெட்லைட் பல்பு சுமார் 4.6 ஆம்பியர் எடுக்கும். துருப்பிடித்த இணைப்பில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே சுமார் 2 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். பல்புக்குக் கிடைப்பது 10 வோல்ட் தான். மஞ்சளாக அழுது வடியும். செல்ஃப் மோட்டாருக்கு இன்னும் மோசம். அது 100 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். இந்த 0.02 ஓமை மீட்டரின் ஓம் அளவில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டரின் சொந்த வயர்களுக்கே அதைவிட அதிக தடை உண்டு. "பீப்" என்று ஒலி கேட்டது, எனவே இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது இங்கே பலிக்காது.

எனவே தடையை அளக்காமல், வேலை நடந்து கொண்டிருக்கும்போது தொலையும் வோல்ட்டை அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டிலேயே வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் (கிளாம்பில் அல்ல, நடுவில் உள்ள ஈய முனையில்) வையுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு, சிவப்பு முனையை பல்பு ஹோல்டரின் எர்த் வயரில் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 1, 2 என்று காட்டினால் அந்தப் பாதையில் கோளாறு. இப்போது சிவப்பு முனையை மட்டும் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள். வயர் முனை, ஸ்க்ரூவின் தலை, அருகில் உள்ள சுரண்டிய தகடு, பின்னர் பேட்டரி கிளாம்ப். எந்த இரண்டு இடங்களுக்கு இடையே எண் சட்டென்று குறைகிறதோ, திருடன் அங்கே தான். கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து முடுக்கினால் போதும்.

செல்ஃபுக்கும் இதே முறை தான். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வைத்து, செல்ஃப் போடும்போது பாருங்கள். 0.5க்கு மேல் காட்டினால், இன்ஜினையும் பாடியையும் பேட்டரியையும் இணைக்கும் எர்த் பட்டைகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் கவனியுங்கள்.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும் பேய் வேலை அல்ல. பின் விளக்குத் தொகுதியின் பொதுவான எர்த் கெட்டுவிட்டதால், பிரேக் பல்பின் கரண்ட் அடுத்த பல்புகள் வழியாக எர்த் தேடிச் செல்கிறது. இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் தாறுமாறாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷரில் வேகமாக அடிக்கும். பழைய பைமெட்டல் வகையில் மெதுவாக அடிக்கும் அல்லது நின்றுவிடும்.

ஃப்யூஸ் மீண்டும் மீண்டும் போனால்

பிளேடு வகை ஃப்யூஸ்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். அவசரத்திற்கு ஈயத் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி ஓட்டுபவர்கள் உண்டு. இதனைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். ஷார்ட் ஆகும்போது உருக வேண்டிய ஃப்யூஸ் உருகாவிட்டால், டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கற்றை உருகும். கார் தீப்பிடிப்பது அப்படித் தான்.

புது ஃப்யூஸ்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பலி கொடுக்காமல் ஷார்ட்டைத் தேட ஒரு வழி இருக்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வயர் வைத்து இணையுங்கள். அந்த ஃப்யூஸில் ஓடும் விளக்கு, ஹாரன் போன்றவற்றின் சுவிட்சுகளை அணைத்தோ, கனெக்டர்களைக் கழற்றியோ வைத்துவிட்டுப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பல்பே தடையாக இருப்பதால் 2 ஆம்பியருக்கு மேல் பெரிதாகப் போகாது, வயர் சூடாகாது. இப்போது வயர் கற்றையை ஒவ்வோர் இடமாக அசையுங்கள். கதவு கீல், டிக்கி கீல், தகட்டுத் துளைகளில் ரப்பர் வாஷர் இல்லாத இடங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பல்பு அணையும் இடத்தில் இன்சுலேஷன் தேய்ந்திருக்கும்.

இரவில் சார்ஜ் இறங்கினால்

மாருதி 800 போன்ற வண்டியில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். கையுறைப் பெட்டியிலோ டிக்கியிலோ அணையாமல் எரியும் 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும். இரண்டே இரவு, ஒரு பகல் நிறுத்தி வைத்தால் பாதி பேட்டரி காலி.

கதவுகளை மூடி, சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே முதலில் அதே இண்டிகேட்டர் பல்பை இணையுங்கள். நன்றாக எரிந்தால் கசிவு பெரியது. மீட்டர் வேண்டாம், பல்பே போதும். எரியாவிட்டால் மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி அளக்கலாம். 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகம் என்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்தபோது எண் விழுகிறதோ, அந்தப் பாதையில் உள்ளவற்றை மட்டும் தேடினால் போதும். பின்னாளில் மாட்டிய ஆடியோ செட், அலாரம் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படலாம். எல்லா ஃப்யூஸ்களையும் எடுத்தும் எண் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் டயோடு கசியலாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது தவறியும் செல்ஃப் போடாதீர்கள். பல மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பாதுகாப்பு ஃப்யூஸ் கிடையாது. அளந்து முடித்தவுடன் சிவப்பு வயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அதே நிலையில் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட்.

கம்ப்யூட்டர் சும்மா இருக்க வேண்டாம். எக்ஸெல்லில் தேதி, காலையில் ஓய்வு வோல்ட், செல்ஃப் போடும்போது வோல்ட், சார்ஜ் வோல்ட் என்று நான்கு பத்திகள் போட்டு, மாதம் ஒரு முறை அளந்து நிரப்பி வாருங்கள். சார்ஜ் வோல்ட் மாறாமல் இருக்க, மற்ற இரண்டும் மாதா மாதம் இறங்கிக் கொண்டே வந்தால் முதலில் மேலே சொன்ன கசிவுச் சோதனையைச் செய்யுங்கள். கசிவும் இல்லை, முனைகளும் சுத்தம் என்றால், அப்போது பேட்டரி கடைக்குச் செல்லலாம்.