இறப்பர் வலையுள் உறையும் பளிங்கு

மார்கழி, தை மாதத்து விடியற்காலையிலே, கண்டியை அடுத்த பல்லேகலப் பகுதி வீடுகளில், போத்தலிலுள்ள தேங்காயெண்ணெய் உறைந்து வெண்மையாகக் காணப்படுவதுண்டு. வெயில் ஏறி, வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியசைக் கடந்ததும் அது மீண்டும் உருகிவிடும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வெப்பநிலையிலே உறைகின்றது என்பது இதனால் விளங்கும். ஆயினும் அவ்வெப்பநிலை பொருளை மட்டும் பொறுத்ததன்று. அப்பொருள் எதனுடன் கலந்து, எவ்விடத்தில் அடைபட்டிருக்கின்றது என்பதையும் பொறுத்ததாகும். இதனைத் தெளிவாகக் காட்டுவது இறப்பர்.

இறப்பருக்கும் கண்டிக்கும் பழந்தொடர்பு உண்டு. 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர் நாற்றுகள் பேராதனைப் பூங்கா அதிகாரிகளின் பொறுப்பிலே, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டன.

இறப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் தொகுதி. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. பச்சை இறப்பர் பென்சீன் என்னும் திரவத்திலே கரைந்துபோகும். வலையாகிய இறப்பரோ கரையாது, திரவத்தை உறிஞ்சிப் பருக்கும். தனித்த பென்சீன் 5.5 பாகையில் உறைவது. பருத்த இறப்பரினுள்ளே அது உறைவதற்கு அதனினும் மிகுந்த குளிர் வேண்டும். அங்கே உருவாகும் பளிங்குகளும் 5.5 பாகையை எட்டுமுன்னரே உருகிவிடுகின்றன.

இதற்குக் காரணங்கள் இரண்டு. பளிங்கிலே பென்சீன் மூலக்கூறுகளுக்கு மட்டுமே இடமுண்டு. சங்கிலிகளோடு கலந்திருக்கும் மூலக்கூறுகள் அக்கலப்பை விட்டுப் பிரிந்துதான் அணிவகுக்க வேண்டும். உப்பு நீர் எளிதில் உறையாமைக்கும் இத்தகையதே காரணம். இரண்டாவது காரணத்தை 1955ஆம் ஆண்டில் வேர்னர் கூன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் எடுத்துரைத்தனர். வலைக்கண்ணுள் அடைபட்ட பளிங்கு பெரிதாக வளர இயலாது. சிறு பளிங்கின் மூலக்கூறுகளிற் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே நிற்கும். உள்ளே இருப்பனவற்றைப் போல அவை எப்புறமும் பற்றப்படாமையால், விரைவிலே பிடிதளர்ந்து உருகுகின்றன. உருகுநிலை குறையும் அளவு பளிங்கின் பருமனுக்கு நேர்மாறானது.

இவ்விரு காரணங்களுள் எதன் பங்கு எவ்வளவு என்பது பின்னரும் விவாதிக்கப்பட்டது. ஏனெனில் பளிங்கு சில வேளைகளில் வலைக்கண்ணையும் விஞ்சி வளரக்கூடும். எனினும் இதன் பயன் பெரிது. வலை நெகிழ்ந்தால் இறப்பர் குழைந்துபோகும். மிக நெருங்கினால் விறைத்து வெடிக்கும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வலையின் நெருக்கத்தை, உறிஞ்சிய திரவம் உறைந்து உருகும் வெப்பநிலையைக் கொண்டு ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பென்சீன் புற்றுநோய் விளைக்கும் நச்சுப்பொருளாதலின், இச்சோதனை ஆய்வுகூடத்துக்கே உரியது.